டிவிடி இருந்த இடத்தில் ஒரு கேடி: பழைய லேப்டாப்பில் இரண்டு டிஸ்க், இரண்டு ஓஎஸ்

பெயர்தான் கேடி, செய்கிற வேலை யோக்கியமானது. லேப்டாப்பின் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ உட்கார வைக்கும் தட்டு இது. திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கத்து சர்வீஸ் கடைகளில் 400, 500 ரூபாய் சொல்கிறார்கள். ஆன்லைனில் 300 சுமாருக்கும் வரும். பெரும்பாலும் கம்பெனிப் பெயரே இருக்காது. வெள்ளை அட்டைப் பெட்டிக்குள் தட்டு, நாலைந்து குட்டித் திருகு, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், அவ்வளவுதான்.

இங்கே பார்ப்பது அலுமினிய உடம்புள்ள 9.5 எம்எம் சாட்டா கேடி (சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை). ஒரு டிஸ்க்கில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ் என்று ஓட்ட நினைப்பவருக்கு இதை வாங்கச் சொல்லலாம். ஆனால் வேலையில் கேடியின் பங்கு கால்வாசிதான். மீதி முக்கால்வாசியும், இன்ஸ்டால் செய்கிற நேரத்தில் லேப்டாப்புக்குள் எந்த டிஸ்க் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இப்போது ஏன் இதற்கு மவுசு என்றால், 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். டிவிடி டிரைவோடு வந்த லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கின்றன. கடையில் டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் இரண்டுக்கும் விண்டோஸை விட முடியாது. இணையம், பேங்க், பிள்ளைகளின் படிப்பு இதற்கெல்லாம் லினக்ஸ் போதும். ஆக இரண்டும் வேண்டும்.

ஒரே டிஸ்க்கைப் பங்கு போட்டு இரண்டையும் ஏற்றுவது நம் ஊருக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தது. அதைக் கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் இடம் பிடித்தால் மற்றவருக்கு நெருக்கடி, டிஸ்க் போனால் இரண்டு பேரும் தெருவில். கேடி போட்டு டிஸ்க்கைப் பிரிப்பது தனிக்குடித்தனம். ஆனால் தனிக்குடித்தனம் போன பிறகும் வாசல் சாவியை மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கதை கீழே வருகிறது.

அளவு: 9.5-ஆ, 12.7-ஆ?

வாங்கும்போது வருகிற முதல் தவறு இதுதான். டிவிடி டிரைவ்கள் தடிமனில் முக்கியமாக இரண்டு ஜாதி: பழையவை 12.7 எம்எம், பின்னால் வந்த மெலிந்தவை 9.5 எம்எம். சில லேப்டாப்புகளில் 9.0 எம்எம்மும் உண்டு, அதில் 9.5 கேடியைத் திணித்தால் அடிமூடி லேசாகப் புடைத்து நிற்கும். 12.7 பொந்தில் 9.5 போகும், ஆனால் ஆடும். கனெக்டர் சரியான உயரத்தில் பொருந்தாமல் பாதிப் பிடியில் நிற்கும். மாடல் நம்பரை நம்ப வேண்டாம். ஒரே மாடல் பெயரில் இரண்டு அளவும் வந்திருக்கிறது. டிவிடி டிரைவை வெளியே இழுத்து, முகப்பு பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு, உலோக உடம்பின் பக்கவாட்டை ஸ்கேல் வைத்து அளப்பதுதான் வழி.

கடைக்குப் போனாலும் இதே பேச்சுதான்:

"அண்ணாச்சி, சாட்டா கேடி ஒண்ணு வேணும்."

"ஒம்பதரையா, பன்னெண்டு ஏழா? லேப்டாப்பக் கொண்டாந்திருக்கியளா?"

"கொண்டாந்திருக்கேன்."

"அப்பம் போட்டுப் பாத்துட்டே வாங்கிக்கிடுங்க."

இப்படிச் சொல்கிற கடையில் வாங்குவது நல்லது. ஏன் என்று அடுத்து வருகிறது.

கேடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி பச்சை போர்டு தெரியும். டிஸ்க் பக்கம் வழக்கமான 7+15 பின் சாட்டா. லேப்டாப் பக்கம் டிவிடி டிரைவுக்கான 7+6 பின், அதாவது ஸ்லிம்லைன் சாட்டா. டேட்டா போகும் 7 பின் இரண்டுக்கும் ஒன்றுதான். மாறுவது கரண்ட் பக்கம் மட்டும். அந்த 6 பின்னில் வருவது 5 வோல்ட் மட்டுமே. இரண்டரை இஞ்ச் டிஸ்க்குக்கு அது போதும். நடுவில் சிப் வைத்து மொழிபெயர்க்கிற வேலை எதுவும் இல்லாததால் டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் ஸ்மார்ட், எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைச் சுத்தம் செய்யும் டிரிம் எல்லாம் டிஸ்க்குக்கு நேராகப் போகும். யுஎஸ்பி கேஸைவிட இது உசத்தி என்பதற்கு இது ஒன்றே போதும்.

போர்டு எத்தனை திருகில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு திருகு என்றால் சரி. வெறும் பிளாஸ்டிக் கொக்கியில் நிற்பது நாலு முறை டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும். முழு பிளாஸ்டிக் கேடிகளைத் தவிர்க்கலாம். திருகு மரை தேய்ந்து போகும், ஹார்ட் டிஸ்க் சுழலும்போது உடம்பு முழுக்க 'கிர்ர்' என்று அதிரும்.

சில கேடிகளில் போர்டின் ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், மூன்று நிலையில் நகரும். பெட்டியில் இதற்கு ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. சில லேப்டாப்புகள் அந்தப் பொந்தில் டிவிடி டிரைவைத்தான் எதிர்பார்க்கும். அதைச் சமாளிக்கத்தான் இந்த ஸ்விட்ச். கேடி போட்ட பிறகு லேப்டாப் லோகோவிலேயே நிமிஷக்கணக்கில் நின்றாலோ, லேப்டாப்பின் அடிப்படை செட்டப்பான பயாஸில் டிஸ்க் தெரியவே இல்லை என்றாலோ, கேடி பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் லேப்டாப்பை அணைத்து, பல் குத்தும் குச்சியால் இந்த ஸ்விட்ச்சை அடுத்த நிலைக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்கப்படும் கேடிகளில் பல, இந்த ஒரு தள்ளலில் பிழைத்திருக்கும்.

மாட்டுவது

கழற்றக்கூடிய பேட்டரி என்றால் முதலில் அதைக் கழற்றவும். அடியில் டிஸ்க் படம் போட்ட இடத்தருகே ஒரு திருகு. சில மாடல்களில் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை எடுத்தால் டிவிடி டிரைவ் இழுத்த இழுப்பில் வந்துவிடும். பின்பக்கம் 'ட' போல மடிந்த சின்ன உலோகத் துண்டு இரண்டு திருகில் இருக்கும். அதைக் கழற்றி கேடியின் பின்னால் மாட்ட வேண்டும், இல்லையென்றால் கேடியை லேப்டாப்போடு பிணைக்க வழியில்லை. முகப்பு பிளாஸ்டிக்கை எடுக்க, டிவிடி தட்டைப் பாதி வெளியே கொண்டுவர வேண்டும். நிமிர்த்திய ஜெம் கிளிப்பை ஊசி ஓட்டையில் அழுத்தினால் தட்டு வரும். பிறகு கொக்கிகளை உள்ளிருந்து தள்ளலாம். மூடிய நிலையில் கத்தியை விட்டு நெம்பினால் கொக்கி ஒடியும். அந்த முகப்பு கேடியில் எப்போதும் கச்சிதமாக உட்காராது. இந்தப் பொருளின் உண்மையான குறை இதுதான் என்றாலும், ஓரத்தில் நூல் கனத்துக்கு இடைவெளி தெரிந்தால் குடி மூழ்கிவிடாது.

எந்த டிஸ்க் எங்கே? எஸ்எஸ்டி லேப்டாப்பின் அசல் இடத்தில், பழைய ஹார்ட் டிஸ்க் கேடியில். பலர் சோம்பல்பட்டு எஸ்எஸ்டியைக் கேடியில் போட்டுவிட்டு, வேகம் வரவில்லை என்கிறார்கள். அசல் இடத்தில் 6 ஜிபிபிஎஸ் சாட்டா இருக்கிற பல லேப்டாப்புகளில், டிவிடி இடத்துக்கு 3 ஜிபிபிஎஸ் அல்லது 1.5 ஜிபிபிஎஸ்தான் கொடுத்திருப்பார்கள். நொடிக்கு 500 எம்பி தாண்டக்கூடிய எஸ்எஸ்டி, 3 ஜிபிபிஎஸ் வழியில் 270 சுமாரிலும் 1.5 வழியில் 140 சுமாரிலும் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த 140-ஏ ஏறக்குறைய போதும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் திறந்து டிரான்ஸ்ஃபர் மோடு என்ற வரியைப் பார்த்தால் உண்மை தெரியும்: சாட்டா/300 | சாட்டா/600 என்று இருந்தால், இடப்பக்கம் இப்போது கிடைக்கும் வேகம், வலப்பக்கம் டிஸ்க்கின் தகுதி.

அதே திரையில் சி7 என்று ஒரு வரி உண்டு: அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எர்ரர் கவுண்ட். கேடிக்கு இதுதான் நாடி. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்து போனால் இந்த எண் கூடும், கூடியது குறையாது. அதனால் எண் எவ்வளவு என்பது முக்கியமில்லை, கூடிக்கொண்டே போகிறதா என்பதே கேள்வி. கேடி போட்ட அன்று குறித்து வைத்து, பெரிய ஃபைல்களை 20, 30 ஜிபி அளவுக்கு அங்கும் இங்கும் காப்பி செய்து, மறுபடி பார்க்க வேண்டும். ஒன்றும் கூடவில்லை என்றால் நல்ல கேடி. கூடினால் கழற்றி, கனெக்டரை அழுத்தி மாட்டி, இன்னொரு முறை. அப்போதும் கூடினால் கேடியை மாற்ற வேண்டும், டிஸ்க்கை அல்ல. இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு.

கத்திரி வெயிலில் மெத்தை மேல் வைத்து ஓட்டினால் கேடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டும். காற்றோட்டத்துக்கு அடியில் இரண்டு புத்தகம் வைத்தாலே போதும்.

காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை

சில லேப்டாப்புகளின் பயாஸ், டிவிடி இடத்தில் இருக்கும் டிஸ்க்கைப் பார்க்கும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. இது கேடியின் தவறில்லை, எந்தக் கேடியாலும் சரியாகாது. அதனால் கடையிலேயே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கேடியில் போட்டு, அசல் இடத்தைக் காலியாக விட்டு, ஆன் செய்து பூட் மெனுவைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். டெல், லெனோவோ என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் தட்டிப் பிறகு எஃப்9. ஆசுஸ் என்றால் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனு என்பதை முதலில் எனேபிள் செய்திருக்க வேண்டும். விண்டோஸ் ஏறினால் காசைக் கொடுக்கலாம்.

ஏறாவிட்டாலும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. லினக்ஸைக் கேடி டிஸ்க்கில் வைத்து, பூட் செய்யத் தேவையான பகுதிகளை மட்டும் அசல் இட டிஸ்க்கில் வைக்கலாம். பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் போதாது. 1 ஜிபி அளவில் தனி பூட் பார்ட்டிஷனும் அங்கேயே இருக்க வேண்டும். காரணம், லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும் குரூப் என்ற பூட்லோடர் தன் சொந்தக் கண்ணால் டிஸ்க்கைப் பார்ப்பதில்லை, பயாஸ் காட்டுவதையே பார்க்கிறது. கெர்னல் எழுந்துவிட்டால் பிறகு கேடி டிஸ்க் தானாகத் தெரியும். ஆனால் தனிக்குடித்தனத்தின் பாதிப் பயன் போய்விடும்.

இன்ஸ்டால்: சாவி யார் வீட்டில்?

முதலில் விண்டோஸில் மூன்று வேலை. ஒன்று, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து பயாஸ் மோடு என்ற வரியில் யுஇஎஃப்ஐ (புது முறை) என்றிருக்கிறதா, லெகஸி (பழைய முறை) என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்வது. லினக்ஸையும் அதே முறையில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ஓஎஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் போய் மாற்ற வேண்டியிருக்கலாம். விண்டோஸ் 7 காலத்திலிருந்து மேலேற்றி வந்த லேப்டாப்புகள் பெரும்பாலும் லெகஸியில் இருக்கும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது, அதை வைத்து யுஇஎஃப்ஐக்கு மாற்றலாம். பேக்கப் எடுத்துவிட்டு, முதலில் எதையும் மாற்றாமல் சரிபார்க்கும் வேலிடேட் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு.

இரண்டாவது, கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுப்பது. அது இருந்தால் ஷட்டௌன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, அரைக்கண் மூடிக் கிடக்கும். அந்த டிஸ்க்கை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. மூன்றாவது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடினால் சஸ்பெண்ட் செய்வது, 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் எழுதி வைப்பது. லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்த கதை.

இனிதான் முக்கியமான இடம். லேப்டாப்பை அணைத்து, விண்டோஸ் டிஸ்க்கை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிடவும். லினக்ஸ் ஏறப் போகும் டிஸ்க் மட்டும் உள்ளே. அதன் பிறகு லினக்ஸ் இன்ஸ்டாலர் எழுதிய யுஎஸ்பி பென்டிரைவை மாட்டவும்.

இது ஏன்? உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் ஒரு பெயர் பெற்ற கோளாறு உண்டு. லினக்ஸ் மின்ட் 22-லும் அந்த இன்ஸ்டாலர்தான். பூட்லோடரை எந்த டிஸ்க்கில் வைக்க என்று கேட்கும், நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டுவீர்கள், தலையாட்டிவிட்டு அது முதல் டிஸ்க்கில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே போய் வைத்துவிடும். விண்டோஸ் போட்ட அந்தப் பார்ட்டிஷன் வெறும் 100 எம்பி. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஓடும். ஒரு நாள் விண்டோஸ் டிஸ்க் போகும், அல்லது ஃபார்மேட் அடிப்பீர்கள். அன்றைக்கு லினக்ஸும் எழுந்திருக்காது. மாமியார் வீட்டில் விட்ட சாவி இதுதான். விண்டோஸும் இதில் உத்தமன் இல்லை. இன்னொரு டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால் அதன் செட்டப்பும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது லினக்ஸ் டிஸ்க்கை வெளியே எடுப்பது நியாயம்.

இன்னொரு லாபமும் உண்டு. எரேஸ் டிஸ்க் என்ற பொத்தானைப் பார்த்தால் எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைக்கும். உள்ளே ஒரே டிஸ்க்தான் என்றால் அதைத் தைரியமாக அமுக்கலாம். பார்ட்டிஷன் கணக்கெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

யுஎஸ்பி 8 ஜிபி போதும். விண்டோஸ் யுஇஎஃப்ஐயில் இருந்தால், பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி, யுஇஎஃப்ஐ என்று தேர்ந்து எழுதவும். அப்போது பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யுஇஎஃப்ஐ என்று தொடங்குகிற வரியை எடுக்க வேண்டும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்புக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 8 இருந்தால் எதுவும் ஓடும். பேட்டரி செத்த லேப்டாப்பை நேராக பிளக்கில் ஓட்டுகிறவர்கள் யுபிஎஸ் இருக்கிற இடத்தில் இதைச் செய்யட்டும். இன்ஸ்டால் நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

ஏறி முடித்து லினக்ஸ் தனியாக எழுகிறது என்று பார்த்த பிறகு, அணைத்து, விண்டோஸ் டிஸ்க்கை மாட்டவும். இனி ஆன் செய்யும்போது எஃப்12, எது வேண்டுமோ அது. பொதுவான மெனு வேண்டும் என்று குரூப்பை நோண்டுகிறவர்கள் கவனிக்க: 2021-இல் வந்த குரூப் 2.06-இலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடுவதில்லை, செட்டிங் ஃபைலில் திறந்துவிட வேண்டும். ஆனால் தனித்தனி டிஸ்க் இருக்கும்போது அந்த மெனுவே தேவையில்லை என்பது இங்கே சொல்லப்படும் கருத்து. எஃப்12-ஐ எந்த அப்டேட்டும் கெடுக்காது.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டிய பிறகு சில பயாஸ்கள் லினக்ஸின் பெயரை மறந்துவிடும். பதற வேண்டாம். பூட் மெனுவில் டிஸ்க்கின் பெயர் மட்டும் தெரிந்தால் அதைத் தேர்ந்தால் போதும். உபுண்டு, மின்ட் வகையறாக்கள் பொது இடத்திலும் ஒரு நகல் வைத்திருக்கும், அது எழுந்து பழைய பெயரைத் திரும்ப எழுதிவிடும்.

அப்புறம் கடிகாரம். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டில் இருக்கும் பேட்டரி செல் போய்விட்டது என்று புதுசு வாங்கிப் போடுகிறார்கள். செல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள் கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் தீர்ந்தது. டேலியில் பில் தேதி மாறிப் போகாமலிருக்க இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

யாருக்கு வேண்டாம்

டிவிடி இல்லாத புது லேப்டாப்பில் கேடிக்கு இடமே கிடையாது. அதில் எம்.2 ஒன்றும் இரண்டரை இஞ்ச் இடம் ஒன்றும் இருந்தால் அதே வேலை இன்னும் சுத்தமாக முடியும். ஆனால் இடம் இருக்கிறதே என்று டிஸ்க்கை மட்டும் வாங்கிவிட வேண்டாம், எம்.2-வோடு மட்டும் விற்ற மாடல்களில் அந்த இடத்துக்கான தட்டையான கேபிளும் பிராக்கெட்டும் கூட வந்திருக்காது. பெரிய பேட்டரி போட்ட மாடல்களில் அந்த இடத்தையே பேட்டரி பிடித்திருக்கும்.

சர்வீஸ் கடையிலேயே எல்லாவற்றையும் செய்து வாங்குவதானால், "டூயல் பூட் போட்டுக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால் ஒரே டிஸ்க்கில் பார்ட்டிஷன் பிரித்துக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. "ஒரு டிஸ்க்கக் கழத்தி வச்சிட்டு மத்ததுல ஏத்துங்க அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். வாங்கும்போது சோதனையும் எளிது: விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி லினக்ஸை ஆன் செய்யவும், பிறகு மாற்றிச் செய்யவும். இரண்டும் தனித்தனியாக எழுந்தால் வேலை சரி. தென்காசி, அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பத்து நிமிஷத்தைக் கடையிலேயே செலவழிப்பது, இன்னொரு டிக்கெட் எடுப்பதைவிட லாபம்.

கழற்றிய டிவிடி டிரைவைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம். அதே 9.5 அளவில் யுஎஸ்பி டிவிடி கேஸ் தனியாகக் கிடைக்கிறது. பழைய கல்யாண வீடியோ டிவிடிகளைப் பார்க்க அதில் போட்டுக்கொள்ளலாம்.